கூட்டில் விட்டு வைத்த தேன்

 

அருள்மறையின் 16-வது சூராவுக்குத் தேனீயின் பெயரே வழங்கி வருவதை நாம் அனைவரும் அறிவோம். சூரத்துந் நஹ்லில் ஆயத்துக்கள் 128. அவற்றுள் தேனீயைப் பற்றிப் பேசுபவை 68, 69 ஆகிய இரண்டு மட்டுமே. வல்ல நாயன் அந்தச் சிறு உயிருக்கு வஹீ அறிவித்து, அது குடியிருக்க மூன்று இடங்களைக் காட்டுகிறான். முதலில் மலை, அடுத்து மரம், மூன்றாவதாக மனிதர் எழுப்பும் கட்டடம். பிறகு அதன் உணவையும், அது செல்லும் வழியையும், அதன் வயிற்றிலிருந்து வரும் பானத்தில் மனிதருக்கு உள்ள நிவாரணத்தையும் எடுத்துரைத்து, சிந்திப்போருக்கு இதில் அத்தாட்சி உண்டு என்று முடிக்கிறான்.

தேனின் மருத்துவ குணத்தைப் பற்றி நாம் மஜ்லிஸ்களில் நிரம்பக் கேட்டிருக்கிறோம். காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி தேன் கலந்து குடித்துவிட்டுக் கடை திறப்போரும் நம்மில் உண்டு. ஆனால், மலை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஓர் ஐயம் எழ வேண்டாமா? உயர்ந்த மலைநாட்டில் பனி பெய்யும். மாதக்கணக்கில் ஒரு பூவும் மலராது. பூவை நம்பிப் பிழைக்கும் உயிர் அங்கே எவ்வாறு உயிர் தரித்திருக்கிறது? ஆண்டு முழுதும் பூத்துக் குலுங்கும் இந்நாட்டில் வாழும் நமக்கு இக்கேள்வி தோன்றுவதில்லை. வியாபாரிகளாகிய நாம் கேட்டே தீர வேண்டிய கேள்வி இஃது என்பதை நாம் மிகவும் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

சால்வைக் கொள்முதலுக்காக நாம் காஷ்மீர் சென்றிருந்தோம். அக்டோபர் மாதக் கடைசி. பாம்போர் வயல்களில் குங்குமப்பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வரப்போகும் குளிரைப் பற்றியே அங்கு எல்லோரும் பேசினார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் கடுங்குளிர் நாற்பது நாட்களை அவர்கள் 'சில்லே கலான்' என்பர். பெரிய சில்லா என்று பொருள். நாற்பது நாள் இபாதத்துக்கு நாம் வழங்கும் அதே சில்லாதான். அதன்பின் இருபது நாள் 'சில்லே குர்த்', பத்து நாள் 'சில்லே பச்சா'. ஆக எழுபது நாட்கள். ஏரியின் ஓரம் உறைந்து போகும். மக்கள் நீண்ட அங்கிக்குள் காங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு நடமாடுவார்கள்.

நமக்குச் சால்வை கொடுத்த வியாபாரி ஒரு கிராமத்துப் பழைய வீட்டுக்கு நம்மை அழைத்துச் சென்றார். மண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய தடித்த சுவர். அச்சுவருக்குள் ஒரு மண் குழாயைப் படுக்க வைத்துப் பதித்திருந்தார்கள். வெளிப்புறம் விரல் நுழையும் சிறு துவாரம். தேனீக்களின் வாசல் அதுவே. உட்புறம், நாம் அமர்ந்திருந்த அறைப் பக்கம், களிமண் பூசிய ஒரு மூடி. வீடும் கூடும் ஒரே சுவரில்! மனிதர் எழுப்பும் கட்டடம் என்ற மூன்றாவது இடத்தை அன்று நாம் கண்ணாரக் கண்டோம்.

தேனீ பூ வரத்தைத் தேனாக்கி, வாசலுக்கு எதிர்ப்புறமாகிய உட்பக்கத்தில் சேர்த்து வைக்கும். வீட்டுப் பெரியவர் இலையுதிர் காலத்தில் மூடியைத் திறந்து, கைக்கு எட்டும் முன் அடைகளில் சிலவற்றை அறுத்துக்கொள்கிறார். உள்ளே மிஞ்சியதைத் தொடுவதில்லை. பாதிக்கு மேல் ஒருபோதும் எடுத்ததில்லை என்றார். அவருடைய தகப்பனார் ஓர் ஆண்டு வீட்டுக் கலியாணத்துக்காக ஓர் அடை விடாமல் அறுத்துவிட்டாராம். அவ்வாண்டு மார்ச் மாதம் பாதாம் மரம் பூத்தபோது அச்சுவர் பேசாமல் இருந்ததாம். சுவர் பேசாமல் இருந்தது! அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

சகோதரர்களே! குளிர்காலத்தில் அக்கூட்டினுள் நடப்பது யாது? தேனீ, குளிரில் மரத்துக் கிடந்து வசந்தத்தில் விழித்தெழும் பிராணியன்று. பனிக்காலம் முழுதும் அது விழித்தே இருக்கிறது. வெளிச்சூடு ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், தேனீக்கள் ராணியை நடுவில் வைத்து ஒன்றோடொன்று நெருங்கி ஒரு பந்தாகத் திரள்கின்றன. தேனை உண்டு, இறக்கையை அசைக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து சூட்டை உண்டாக்குகின்றன. வெளியே நீர் உறையும்போதும் பந்தின் நடுவில் 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பு இருக்கும். குஞ்சு வளர்க்கத் தொடங்கினால் அது 34, 35 டிகிரிக்கு உயரும். அப்பந்துக்கு அடுப்பு தேனீயின் உடல், விறகு தேன்.

பந்தின் மேற்புறத்தில் இருப்பவை குளிரைத் தாங்கி, தம் உடலையே போர்வையாக்கி மற்றவற்றைக் காக்கின்றன. மேலே உள்ளவை உள்ளே புகுவதும், உள்ளே உள்ளவை மேலே வருவதுமாக அவை இடம் மாறிக்கொள்ளும். ஓரத்தில் நிற்பதே ஒருத்தியின் தலையெழுத்து என்று விடுவதில்லை. மலம் கழிக்கவும் அவை கூட்டைப் பயன்படுத்துவதில்லை. வாரக்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்து, வெயில் எறிக்கும் ஒரு நாள் வெளியே பறந்து போய்த் தூய்மையடைந்து திரும்புகின்றன. தஹாரத்தைப் பற்றி நமக்கு வேறு உதாரணமும் வேண்டுமோ?

இன்னொன்றையும் கேளுங்கள். கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ ஏறக்குறைய ஆறு வாரமே வாழும். இலையுதிர் காலத்தில் பிறப்பதோ உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு நான்கு முதல் ஆறு மாதம் வரை வாழும். அது சேர்க்கும் தேனையும், காக்கும் சூட்டையும் அடுத்த வசந்தத்தில் பிறக்கப் போகும் தங்கைகளே அனுபவிப்பர். கோடையில் பெருத்துத் திரிந்த ஆண் தேனீக்களையோ இலையுதிர் காலத்தில் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகின்றன. உழைக்காமல் உண்போருக்குப் பனிக்காலத்தில் பங்கில்லை.

இவையெல்லாம் ஆண்டவன் தேனீக்கு அறிவித்த வழிகள். அதை வளர்க்கும் மனிதனுக்கும் கடமை உண்டு. அக்கடமையை மலைநாட்டார் நன்கறிவர்.

முதலாவது, விட்டு வைத்தல். பனி கடுமையான நாடுகளில் ஒரு பெரிய பெட்டிக்கு 25, 30 கிலோ தேனை எடுக்காமல் விடுகிறார்கள். கூட்டம் சிறிதானால் குறைவாகப் போதும். குளிர் வந்தபின் மூடியைத் திறந்து பார்க்கலாகாது. காத்து வைத்த சூடு போய்விடும். ஆகவே பெட்டியின் பின்புறத்தை ஒரு கையால் மெல்லத் தூக்கி எடை பார்க்கிறார்கள். போதாதென்று கண்டால் குளிர் முற்றுமுன்பே, பூ இருக்கும் நாளிலேயே, கெட்டியான சர்க்கரைப் பாகு வைத்து நிரப்புகிறார்கள். பனி பெய்தபின் பாகு வைப்பது பயன் தராது.

இரண்டாவது, ஈரத்தைப் போக்குதல். பெட்டியைச் சுற்றி வைக்கோல் கட்டி, வாசலைச் சிறிதாக்கி, எலி புகாமல் தடுத்து, வெயில் முகமாக வைக்கிறார்கள். ஆனால் மூச்சு விடாமல் அடைத்துவிடுவதில்லை. தேனை உண்ணும் தேனீயின் மூச்சில் நீராவி வருகிறது. அது குளிர்ந்த மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாகப் பந்தின் மேலே விழுந்தால் அதுவே யமன். பந்தாகத் திரண்டு உலர்ந்திருக்கும் கூட்டம் பெருங்குளிரையும் தாங்கும். நனைந்த கூட்டம் தாங்காது. ஆகவே மேலே சிறிது காற்றுப் போக வழி வைத்து, நீர் வழிந்தோடப் பெட்டியை வாசல் பக்கம் சற்றே சாய்த்து வைக்கிறார்கள்.

மூன்றாவது, தேன் எட்டும் இடத்தில் இருத்தல். கடுங்குளிரில் பந்து நகர முடியாது. இரண்டு விரற்கடைத் தூரத்தில் தேன் நிறைந்த அடை இருக்க, அதை எட்ட மாட்டாமல் பட்டினியால் செத்துக் கிடக்கும் கூட்டங்களை வளர்ப்போர் கண்டிருக்கிறார்கள். தேன் இருந்தும் பட்டினி!

நான்காவது, பலவீனமான கூட்டங்களை இலையுதிர் காலத்திலேயே ஒன்று சேர்த்தல். இரண்டு சிறு கூட்டங்கள் தனித்தனியே நின்றால் இரண்டும் மடியலாம். ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு நல்ல பந்தாகிப் பிழைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டபோது நாம் வியந்தது ஒன்று உண்டு. பெரும்பாலான கூட்டங்கள் சாவது குளிரின் உச்சத்தில் அல்ல, அதன் கடைசியில்! வசந்தம் நெருங்க, ராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கும். குஞ்சுக்குச் சூடு வேண்டும். ஆகவே தேன் விரைந்து செலவாகும். பூவோ இன்னும் மலரவில்லை. எழுபது நாளைக் கடந்து வந்த கூட்டம், பாதாம் பூக்க இரண்டு வாரம் இருக்கையில் மாய்ந்துவிடும். அப்படியானால் அது எந்நாளில் செத்தது? அக்டோபரில், கத்தி அடையில் பட்ட அந்நாளிலேயே என்று சொல்வதே நியாயம்.

சகோதரர்களே! இனி நம் கதைக்கு வருவோம். பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை, நம்மையே கூறிக்கொள்கிறோம்.

2019-ஆம் ஆண்டு நமது ஜவுளிக் கடைக்கு நல்ல ஆண்டு. அல்லாஹ் பரக்கத்தைச் சொரிந்தான். ஐந்தொகை போட்டுப் பார்த்து, வந்த லாபம் அனைத்தையும் எடுத்தோம். ஊரில் வீட்டுக்கு மேல்மாடி எழுப்பினோம். ஒரு கலியாணத்தை மூன்று நாள் நடத்தினோம். எஞ்சிய பணம் அனைத்துக்கும், கடனும் சேர்த்து, வரும் பெருநாளுக்கென்று சரக்கு எடுத்துக் கிட்டங்கியை நிரப்பினோம். கூட்டில் ஓர் அடையும் மிச்சமில்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7-ல் கடைகள் மூடின. ரமலான் வந்தது, பெருநாளும் வந்தது, வாங்க ஆளில்லை. கிட்டங்கி நிறைய பட்டும் கைலியும் அடுக்கி இருக்க, கடை மாடியில் தங்கியிருந்த நான்கு சிப்பந்திகளுக்கு அரிசி வாங்கக் கல்லாவில் வெள்ளி இல்லை. இரண்டு விரற்கடைத் தூரத்தில் தேன் இருந்தும் பட்டினி என்பது தேனீக்கு மட்டும் நேர்வதில்லை என்பதை அப்போது கண்டோம்.

முதல் மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தோம். அடுத்த மாதம் அதுவும் இல்லை. அச்சமயம் நம்மிடம் இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்த மூத்த சிப்பந்தி ஒருவர் தம் பெட்டியைத் திறந்து, சம்பளத்தில் மாதந்தோறும் எடுத்து வைத்த சிறு தொகையைக் கொண்டுவந்து, அடுப்பு எரிய இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சமையற்கட்டில் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளியாகிய நம்மிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நம் எல்லோரிலும் குறைவாகச் சம்பாதித்தவர் அவர்; கூட்டில் தேன் விட்டு வைத்தவரும் அவரே. அத்தொகையைப் பின்னர் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நாம் வெட்கத்தால் இன்றுவரை அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. மண் சுவரின் முன் அமர்ந்து அப்பெரியவர் பேசக் கேட்டபோது, நம் கண்முன் நின்றது அந்தச் சிப்பந்தியின் முகமே.

சிலர் கேட்கலாம்: இரணம் அளிப்பவன் அல்லாஹ் அல்லவா? நாளைக்கென்று எடுத்து வைப்பது தவக்குலுக்கு மாறாகாதா? ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்குமாறு கற்றுத் தந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். 12-வது சூராவை ஓதிப் பாருங்கள். யூசுஃப் நபி (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டாருக்குச் சொன்ன யோசனை யாது? ஏழாண்டு பயிரிட்டு அறுப்பதில், உண்ணுவதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டு வைக்க வேண்டும் என்பது. அடுத்து வந்த பஞ்ச ஆண்டுகளில் அதை உண்ணும்போதும், ஒரு சிறு பகுதியைக் காத்து வைக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். பஞ்சத்தின் கடைசி நாளுக்கும், அதன்பின் விதைக்கும் நாளுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்த அறிவு அது.

நற்செயலிலும் கூட இந்த அளவு உண்டு. ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமம் செய்ய விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை; பாதிக்கும் இசையவில்லை. மூன்றில் ஒன்றுக்கு அனுமதித்து, அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிட, தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்பது அவர்கள் காட்டிய காரணம். தருமத்துக்கே இந்த அளவென்றால், மேல்மாடிக்கும் மூன்று நாள் விருந்துக்கும் அளவு வேண்டாமா?

விட்டு வைப்பது வேறு. பதுக்கி வைப்பது வேறு. பிறர் பசித்திருக்க விலையேற்றத்துக்காகப் பூட்டி வைப்பது மார்க்கம் தடுத்த பதுக்கல். தேனீயின் சேமிப்போ குளிரில் கூட்டம் முழுவதும் உண்பதற்கு. ஓரத்தில் நிற்பவளுக்கும் அதில் பங்குண்டு. நாம் எடுத்து வைக்கும் பணத்துக்கும், நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால், நூற்றுக்கு இரண்டரை ஜகாத் கடமை. ஈரம் வெளியேற வழி வைக்காத பெட்டியில் நீர் சொட்டுவது போல, ஜகாத் வெளியேறாத பணமும், வட்டி கலந்த பணமும் வெளிக்குளிருக்கு முன்பே உள்ளிருந்து நம்மை அழித்துவிடும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை. அதையும் காஷ்மீரே நமக்குச் சொல்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு நச்சுயிரி நோய் பரவி, அம்மலையின் சொந்தத் தேனீக் கூட்டங்களைப் பெருவாரியாக அழித்தது. நம் பெரியவரின் சுவரும் அப்போது மறுபடி மௌனமாயிற்று. அவர் சுவரை அடைத்துவிடவில்லை. குழாயைத் துடைத்துக் காத்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கூட்டம் தானே வந்து குடியேறியது. இப்போது அந்நாட்டில் மேனாட்டுத் தேனீயைப் பெட்டியில் வளர்ப்போர் பலர், குளிர் தொடங்குமுன் பெட்டிகளை லாரியில் ஏற்றி, கடுகு பூக்கும் பஞ்சாப், ராஜஸ்தான் சமவெளிகளுக்குச் சென்று வசந்தத்தில் திரும்புகிறார்கள். பிழைப்புக்காகப் பயணம் போவது நம் முன்னோர் கப்பலேறிய வழிதான், அதிலும் பிழையில்லை. ஆனால் போகும் வழிச் செலவுக்கும் பெட்டியில் தேன் இருக்க வேண்டும்.

ஆகவே, சகோதரர்களே, இவ்வாண்டு ஐந்தொகை போடும்போது நாம் நமக்கே விதித்துக்கொண்டிருப்பதை உங்கள் முன்னும் வைக்கிறோம். லாபம் பிரிக்குமுன், ஆறு மாதக் கடை வாடகையும் ஆறு மாதச் சிப்பந்திச் சம்பளமும் தனியே எடுத்து வைப்போம். அதைச் சரக்காக்காமல், கட்டடமாக்காமல், வேண்டிய நாளில் எடுக்கக்கூடிய பணமாகவே வைப்போம். அதற்குரிய ஜகாத்தைக் கொடுத்துவிடுவோம். தனித்து நிற்க இயலாத சிறு கடைக்காரர் நம்மிடையே இருந்தால், அவர் கடை மூடும்வரை வேடிக்கை பார்க்காமல், நல்ல நாளிலேயே கூட்டுச் சேர்த்துக்கொள்வோம். நமது சங்கத்தின் நிதியையும் இந்தக் கண்கொண்டே பார்ப்போம். விருந்துக்கும் பந்தலுக்கும் கை வைக்குமுன், பெட்டியைச் சற்றே தூக்கி எடை பார்ப்போம்.

அந்த மூத்த சிப்பந்திக்கு நாம் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் அதைத் தபாலில் சேர்த்துவிட நிய்யத்து வைத்துள்ளோம், இன்ஷா அல்லாஹ். உங்களுக்கும் அவ்வாறு எழுத வேண்டிய கடிதம் ஒன்று இருக்குமானால், தாமதிக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! நல்ல நாளில் அளவறிந்து எடுக்கும் கையை எங்களுக்குத் தருவாயாக. கெட்ட நாளில் ஓரத்தில் நிற்போரை உள்ளே அழைக்கும் நெஞ்சைத் தருவாயாக. எங்களை நம்பி எங்கள் கூரையின் கீழ் இருப்போரின் பசிக்கு எங்களைக் காரணமாக்கிவிடாதே. எங்களுக்காக உழைத்து, நாங்கள் நன்றி மறந்தவர்களுக்கு உன் கஜானாவிலிருந்து நிறைவாகக் கொடுப்பாயாக. ஆமீன்! வஸ்ஸலாம்.